அலுவலகத்திலும் ஒட்டவில்லை, வீட்டிலும் ஒட்டவில்லை

கேள்வி

வணக்கம் அக்கா. எனக்கு 37 வயது. கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெஸ்ட் என்ஜினியர். வீடு பட்டர்வொர்த்தில், மாமியாரோடு கூட்டுக் குடும்பம். தினமும் விடியுமுன் கிளம்பிப் பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்புகிறேன்.

எங்கள் டீமில் நான் ஒருத்திதான் தமிழ்ப்பெண். மதியச் சாப்பாட்டில் எல்லோரும் ஹொக்கியனில் பேசிச் சிரிப்பார்கள். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். சில நாள் மீட்டிங்கிலும் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். போன அப்ரைசலில் மேனேஜர், 'வேலை நன்று, இன்னும் கலந்து பழக வேண்டும்' என்று எழுதிவிட்டார். எனக்குப் பின்னால் சேர்ந்தவர் சீனியர் ஆகிவிட்டார். அதிலிருந்து ஒரு வருடமாக என்னை மாற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். பிடிக்காத கரோக்கேவுக்குப் போகிறேன், புரியாத ஜோக்குக்குச் சிரிக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த அப்ரைசல் பிப்ரவரியில்.

வீட்டிலும் இதே கதைதான். மூன்று நாத்தனார்களும் வந்துவிட்டால் கூடம் கலகலவென்று இருக்கும். நான் அடுப்படியில் ஏதாவது வேலையாக நிற்பேன். 'படிச்ச திமிரு' என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. மாமியாருக்கு நீரிழிவு. மாத்திரையைப் பிரித்து வைப்பது, கிளினிக் தேதி பார்ப்பது, கூட்டிப் போவது எல்லாம் நான்தான், அது வேறு விஷயம். ஞாயிறு காலை மட்டும் எனக்கென்று தனியாக செரோக் தோக் குன் மலை ஏறிவிட்டு வருவேன். அதற்கும் 'பொம்பளை ஒத்தையில காட்டுக்குப் போறா' என்று பேச்சு. வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் எதைச் சொன்னாலும் 'கண்டுக்காதே' என்பார்.

எங்களுக்கு 9 வயதில் ஒரு மகள். போன மாதம் அவளுடைய ஆசிரியை, 'நல்லாப் படிக்கிறா, ஆனா யாரோடும் சேர மாட்டேங்கிறா' என்றார். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை அக்கா. நான் எப்படித்தான் மாற வேண்டும்?

(பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்)

பதில்

அன்புத் தங்கைக்கு,

மாமியாரின் மாத்திரைகளைப் பற்றி எழுதிவிட்டு 'அது வேறு விஷயம்' என்று தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அது வேறு விஷயமாகப் படவில்லை. நீரிழிவுக்காரர்களின் மாத்திரைப் பெட்டியைக் கையாண்டவர்களுக்குத் தெரியும்: சாப்பாட்டோடு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு இரவில் ஒன்று, போன தடவை கிளினிக்கில் அளவை மாற்றியிருந்தால் பழைய அட்டையைத் தனியாக அகற்றிவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டும் வயிற்றுக்குள் போய்விடும். வயதான ஒரு பெண்மணி, சொந்த மகள்கள் மூன்று பேர் இருக்கும்போது, தன் உடம்பை உங்கள் கையில் கொடுத்து வைத்திருக்கிறார். அவர் அதை வாய் விட்டுச் சொல்லியிருக்க மாட்டார். நம் மாமியார்கள் சொல்வதும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் உங்களுக்கு இடமே இல்லை என்று நீங்கள் எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எப்படி மாற வேண்டும் என்று கேட்கிறீர்கள். மாறியது போதும் என்றுதான் சொல்வேன். கடந்த ஒரு வருடமாக மாறுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள். புரியாத ஜோக்குக்குச் சிரிக்கிற பெண்ணைப் பற்றி அந்த டீமுக்கு என்ன தெரியும்? தலையாட்டுவார், சிரிப்பார், வேலையை ஒழுங்காகச் செய்வார், அவ்வளவுதான். ஆளைத் தெரியாமல் யாரும் யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை. உங்களைக் கொஞ்சம் தெரியப்படுத்தத்தான் வேண்டும். அதற்குக் கரோக்கே தேவையில்லை.

அதற்கு முன்னால் ஒரு சிக்கைப் பிரிக்க வேண்டும். நீங்கள் அதிகம் பேசாதவர், அது உங்கள் சுபாவம். மீட்டிங்கில் உங்கள் வேலையை நீங்களே எடுத்துச் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அது பழகிக்கொள்ளக்கூடியது. வேலை பேசுகிற இடத்தில் உங்களுக்குப் புரியாத மொழிக்கு மாறுவது மற்றவர்கள் செய்கிற தப்பு. இந்த மூன்றையும் சேர்த்து 'என் குறை' என்று ஒரே கணக்கில் எழுதி வைத்திருக்கிறீர்கள். பாரம் தாங்காமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

முதலில் சாப்பாட்டு மேசை. இதில் நான் உங்கள் பக்கம் நிற்கப் போவதில்லை. பினாங்கில் ஹொக்கியன் தெருவிலும் சந்தையிலும் புழங்குகிற பாஷை. பழைய தலைமுறைத் தமிழர்களில் பலர் அதில் சரளமாகப் பேரம் பேசுவார்கள். நீங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர், தெரியாமல் இருப்பது குற்றமில்லை. ஆனால் காலை முழுவதும் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர்கள் சாப்பிடும்போது சொந்தப் பாஷைக்குத் திரும்புவது இளைப்பாறுவதற்குத்தான், உங்களை ஒதுக்குவதற்கு இல்லை. நாம் மட்டும் என்ன, நாலு தமிழர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் மலாய்க்காரத் தோழி இருப்பதையே மறந்துவிடுகிறோமே! எட்டுப் பேர் மேசையில் உட்கார்ந்து தவிப்பதை விட்டுவிட்டு, அந்த எட்டுப் பேரில் ஒருவரைப் பிடியுங்கள். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ அவரோடு மட்டும் சாப்பிடப் போங்கள். கூட்டத்தில் பேச வராதவர்களுக்கு ஒரே ஆளோடு பேச நன்றாகவே வரும்.

என்ன பேசுவது? மலையைப் பற்றிப் பேசுங்கள். திங்கட்கிழமை காலை யாராவது 'வார இறுதி எப்படி' என்று கேட்டால் இதுவரை 'வீட்டில்தான் இருந்தேன்' என்று சொல்லி முடித்திருப்பீர்கள். ஞாயிறு காலை செரோக் தோக் குன்னில் எத்தனை சீன அங்கிள்களும் ஆண்டிகளும் உங்களை முந்திக்கொண்டு ஏறிப் போகிறார்கள் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் டீமில் மலை ஏறுகிறவர் ஒருவராவது இருப்பார், இல்லையென்றால் அவருடைய அப்பாவாவது ஏறுவார். பந்தயம் கட்டுகிறேன்.

மீட்டிங் கதை வேறு. அங்கே பேசுவது சம்பளத்துக்கான வேலை, அதில் பாதி உங்களுக்குக் கேட்காமல் போவதைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பேச்சு மாறிய உடனே, முகத்தைக் கடுப்பாக்காமல், 'சாரி, எனக்கு விட்டுப்போச்சு, ஆங்கிலத்தில் ஒரு தடவை சொல்லுங்க' என்று கேளுங்கள். முதல் தடவை நெஞ்சு படபடக்கும். அவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் மறுபடி மாறிவிடுவார்கள், ஏனென்றால் அது பழக்க தோஷம். நீங்களும் மறுபடி கேளுங்கள். அப்படியும் சரிவரவில்லையென்றால் மேனேஜரிடம் தனியாகப் போங்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது என்று தொடங்காதீர்கள். 'டெஸ்ட் ரிசல்ட் பேசும்போது பாஷை மாறினால் எனக்கு விவரம் தவறுகிறது, அப்புறம் பழுதான போர்டு பாஸ் ஆகிவிடும்' என்று வேலையின் பக்கத்திலிருந்து சொல்லுங்கள். அது அவருக்கு உடனே புரியும்.

அந்த அப்ரைசல் வரிக்கு வருவோம். 'இன்னும் கலந்து பழக வேண்டும்' என்ற வரி எனக்குப் பிடிக்கவில்லை. 'இந்த போர்டு சரியாக வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதி ஒருவர் உங்களிடம் கொடுத்தால், எந்தப் புள்ளியில், எத்தனை வோல்ட்டில், எப்போது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட மாட்டீர்களா? இதையும் அப்படியே திருப்பி அனுப்புங்கள். பிப்ரவரி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: எந்தச் சந்தர்ப்பத்தில் நான் பழகவில்லை என்று தோன்றியது, அடுத்த ஆறு மாதத்தில் நான் எதைச் செய்தால் அது சரியானதாக எடுத்துக்கொள்வீர்கள், சீனியர் பதவிக்கு அது எவ்வளவு முக்கியம். பதில் எழுத்தில் வரட்டும். 'மீட்டிங்கில் உங்கள் குரலே கேட்பதில்லை' என்று அவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கலாம். நீங்கள் கண்டுபிடித்த பழுதை வேறொருவர் வாயால் அவர் கேட்டிருக்கக்கூடும். அதற்கு வழி உண்டு. மீட்டிங்குக்கு முந்தின நாளே உங்கள் முடிவுகளை உங்கள் பெயரில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் உங்களுக்கு வேண்டும் என்று சொல்லிவையுங்கள். தயார் செய்துகொண்டு பேசுவது உங்களைப் போன்றவர்களுக்குச் சுலபம். நடுவில் புகுந்து பேசுவதுதான் கஷ்டம்.

அவர் எதையும் தெளிவாகச் சொல்லாமல் மழுப்பினால், அடுத்த உயர்வும் அதே மாதிரி கைநழுவினால், அப்போது இனத்தைப் பற்றிய சந்தேகம் வருவது இயல்பு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையிடத்தில் பாகுபாடு காட்டப்பட்டதாகத் தொழிலாளர் இலாகாவில் முறையிட்டால், அதை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரத்தை அது தலைமை இயக்குநருக்குக் கொடுத்திருக்கிறது. இப்போதே அங்கே ஓடுங்கள் என்று சொல்லவில்லை. தேதி போட்டு நடந்ததைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு தேவைப்படாமல் போனால் நல்லதுதான்.

'இங்கே எனக்கு இடமில்லையோ' என்று உங்களுக்கு வந்திருக்கிற சந்தேகம் புதியதும் அல்ல. பாயான் லெப்பாஸில் 1972இல் தொழிற்பேட்டை திறந்தபோது கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் இளம்பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள். அவர்களை 'மினா காரான்' என்று கேலி பேசினார்கள், கெட்டுப்போனவர்கள் என்றும் சொன்னார்கள். அவர்கள் அனுப்பிய சம்பளத்தில் தம்பி தங்கைகள் படித்தார்கள். முதல் நாளே யாரும் அவர்களுக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கவில்லை.

கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வை என்னிடம் வருகிறவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த மாணவர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி ஒன்று கொடுத்தார்கள். 'நமக்கு இங்கே இடமில்லையோ' என்ற பயம் எல்லா இனத்து மாணவர்களுக்கும் முதலில் வரும், போகப் போகக் குறையும் என்று மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்க வைத்தார்கள், அவ்வளவுதான். அடுத்த மூன்று வருடங்களில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. ஒரு சின்ன அலட்சியம் நடந்தாலும் 'பார், நான் இந்த இடத்துக்கு லாயக்கில்லை' என்று தீர்ப்பு எழுதுகிற பழக்கம் குறைந்ததால் அவர்களுக்குப் படிப்பில் தெம்பு மிஞ்சியது. உண்மையிலேயே அநியாயம் நடக்கிற இடத்தில் இந்த வைத்தியம் மட்டும் போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

களைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 13.5 கிலோமீட்டர் பாலத்தை நெரிசலில் ஊர்ந்து கடந்துவிட்டு வருகிற ஆளுக்கு ஏழு மணிக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கும். அதை 'நான் யாரோடும் ஒட்டாதவள்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன அதே திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றிக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கி முன்னால் முடிக்கக் கேட்டுப் பாருங்கள். வாரம் ஒரு நாள் ரிப்போர்ட் வேலையை வீட்டிலிருந்து செய்ய முடியுமா என்றும் கேளுங்கள்.

இனி வீடு. தீபாவளிக்கு முறுக்கு சுடுகிற நாளை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மாவு பிசைவார், ஒருவர் அச்சில் போட்டுப் பிழிவார், ஒருவர் எண்ணெய்ச் சட்டியைவிட்டு நகராமல் திருப்பித் திருப்பி எடுப்பார், ஒருவர் ஆறவைத்து டின்னில் அடுக்குவார். சட்டியருகே உட்கார்ந்திருப்பவர் இரண்டு மணி நேரம் வாயே திறக்காவிட்டாலும் அவரை யாரும் திமிர் பிடித்தவர் என்று சொல்வதில்லை. அவரைச் சுற்றித்தான் பேச்சு ஓடும், அவ்வப்போது 'இது வெந்துருச்சா பாரு' என்பார், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நீங்களும் பேசாதவர்தான். ஆனால் உங்கள் வேலை சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. கூடத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நீங்கள் ஒதுங்கிப் போனதாகத்தான் தெரியும்.

அதனால் அடுத்த முறை நாத்தனார்கள் வரும்போது பாத்திரத்தைத் தொட்டியிலேயே போட்டு வையுங்கள். கீரையையோ பூண்டையோ முறத்தில் எடுத்துக்கொண்டு கூடத்தில் போய் அவர்கள் நடுவில் உட்காருங்கள். கையில் வேலை இருந்தால் பேசியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எழுந்து போக வேண்டும் என்றும் தோன்றாது. யாராவது தானாகவே ஒரு பிடி பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பிப்பார். பேச்சு வரும்.

'படிச்ச திமிரு' என்று சொன்னவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், விளக்கமும் கொடுக்க வேண்டாம். கிளினிக்குக்குப் போய் வந்த அன்று சாயங்காலம் அவருக்கே முதலில் போன் போடுங்கள். 'அக்கா, அத்தைக்கு சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு, டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்காரு, நீங்க வர்றப்ப கேக் கீக் வாங்கிட்டு வராதீங்க.' இரண்டே நிமிடம். உங்களுக்கு ஊர்க்கதை பேச வராது, சரி. விஷயம் இருந்தால் நன்றாகப் பேசுவீர்கள், கடிதத்திலேயே தெரிகிறது. அம்மாவைப் பற்றிய விஷயம் எந்த மகளுக்கு வேண்டாம்?

மலையை விட்டுவிடாதீர்கள். ஒரு வருடமாக இரண்டு பக்கமும் இடி வாங்கியும் நீங்கள் நிமிர்ந்து நிற்பதில் அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நம் குடும்பங்களில் பெண் எதையும் வாய்மூடித் தாங்கிக்கொண்டால் அதை மனவலிமை என்று மெச்சுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தினமும் செலவழிகிற தெம்பை எங்காவது போய் நிரப்பிக்கொண்டு வரத் தெரிந்தவர்தான் நீண்ட நாள் நிற்கிறார். மாமியார் சொல்வதில் பயம் எவ்வளவு, அதிகாரம் எவ்வளவு என்று மட்டும் பிரித்துப் பாருங்கள். மலைக்குத் தனியாகப் போகிற பெண்ணைப் பற்றிய பயம் நியாயமானது. கிளம்பும்போது அவரிடமே நேராகச் சொல்லுங்கள்: 'அத்தை, ஒன்பதரைக்கெல்லாம் வந்துடுவேன். வர்றப்ப சந்தையில என்ன வாங்கிட்டு வரணும்?' வாட்ஸ்அப்பில் நீங்கள் இருக்கும் இடம் வீட்டுக்காரருக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போங்கள். அவ்வளவு செய்த பிறகும் பேச்சு தொடர்ந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல.

இங்கேதான் உங்கள் வீட்டுக்காரர் வருகிறார். 'கண்டுக்காதே' என்பது அவருக்குச் சமாதானமான வழி, உங்களுக்கு ஒரு உதவியும் இல்லை. அவரைக் குறை சொல்லாமல் ஒரு வேலையைக் கொடுங்கள். ஞாயிறு காலை பிள்ளையும் பசியாறலும் அவர் பொறுப்பு. அம்மா கேட்டால் 'அவளுக்கு அது வேணும்மா, வீட்டை நான் பாத்துக்கிறேன்' என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். 'நான்தான் போகச் சொன்னேன்' என்று சொல்ல வேண்டாம். அனுமதி வாங்கிப் போகிற விஷயமாக அதை ஆக்கிவிடக் கூடாது.

மகளைப் பற்றிய அந்தப் பயம்தான் உங்களைப் பேனா எடுக்க வைத்தது என்று நினைக்கிறேன். ஹார்வர்டில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நாலு மாதக் கைக்குழந்தைகளுக்குப் புதிய சத்தம், புதிய பொருள், புதிய வாசனை காட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கை காலை உதைத்து அழுது மிரண்டது. அந்தக் குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து கவனித்தபோது, அவர்கள் கூச்ச சுபாவத்தோடு வளர வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. ஆனால் எல்லோரும் அப்படி ஆகவில்லை. பலர் சாதாரணமாகப் பழகுகிறவர்களாகவே வளர்ந்தார்கள். பிறவிச் சுபாவம் என்று ஒன்று உண்டு, அது தலையெழுத்து இல்லை. உங்கள் தப்பும் இல்லை.

ஆசிரியையிடம் மறுபடி போய் ஒன்றைக் கேட்க வேண்டும்: இவள் சேர மாட்டேன் என்கிறாளா, அல்லது மற்றவர்கள் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்களா? ஓய்வு நேரத்தில் யாரோடு சாப்பிடுகிறாள், முகம் எப்படி இருக்கிறது? ஒரே ஒரு தோழி இருந்து, இவளும் சந்தோஷமாக இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. கிண்டல் செய்து ஒதுக்கினால் அது பள்ளி உடனே கவனிக்க வேண்டியது, அதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். மகளிடம் எதிரே உட்கார வைத்து விசாரிக்க வேண்டாம். காரில் போகும்போது, இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டால் பிள்ளைகள் தானாகச் சொல்வார்கள். சொந்தக்காரர்கள் முன்னால் 'இவ என்னை மாதிரிதான்' என்று சொல்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். நீங்கள் கீரை முறத்தோடு கூடத்துக்குப் போகிற அன்று அவளும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

தூக்கம் ஒரு மாதமாகச் சரியில்லை என்கிறீர்கள். இன்னும் இரண்டு வாரத்தில் சீராகவில்லையென்றால், அல்லது சாப்பாடு இறங்காமல், மலைக்குப் போகவே மனமில்லாமல் போனால், பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள். மாமியாரோடு போகிற அன்றே உங்களுக்கும் ஒரு நம்பர் எடுத்துவிடலாம். பேசினால் போதும் என்று தோன்றினால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555 இருக்கிறது. தனியார் ஆலோசகரிடம் போவதென்றால் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள்; பதிவு பெற்றவர் எண்ணைக் காட்டத் தயங்க மாட்டார்.